இடுப்பு மூட்டு செஞ்ச மனுஷன்: ஜான் சார்ன்லி

பௌர்ணமிக்குக் கிரிவலம் போயிருந்தீங்கன்னா கவனிச்சிருப்பீங்க. அக்னி லிங்கம் தாண்டி ரமணாஸ்ரமம் பக்கம் வர்றப்போ வெள்ளைக்காரங்க நிறைய பேர் வெறுங்காலோட நம்ம கூடவே நடப்பாங்க. மொத்தம் 14 கிலோமீட்டர். அதுல வயசானவங்களும் இருப்பாங்க.

எங்க தெருவுல வருஷா வருஷம் டிசம்பர்ல வந்து ரூம் எடுத்துத் தங்குற இங்கிலாந்து அம்மா ஒருத்தங்க இருக்காங்க. மூணு வருஷம் முன்னாடி அவங்களை ஆட்டோவுல ஏத்தவே ரெண்டு பேர் பிடிக்கணும். போன வருஷம் முழுச் சுத்தும் நடந்து முடிச்சுட்டு எங்க ஆயாகிட்ட காபி வாங்கிக் குடிச்சாங்க. அவங்க ஊர்ல இடுப்பு மூட்டு ஆபரேஷன் அரசாங்கச் செலவுல இலவசம்தான், ஆனா காத்திருக்குற வரிசை ரொம்ப நீளம். தனியார்ல பண்ண கையில காசு இல்லை. அதனால சென்னையில பண்ணிக்கிட்டு, இங்க தங்கி உடம்பைத் தேத்திக்கிட்டுப் போனாங்க.

உள்ளே என்னடா வெச்சிருக்காங்கன்னு ஆயா என்னைத்தான் கேட்டாங்க. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன், பதில் தெரியலை. தேடினப்போதான் இந்த மனுஷன் கிடைச்சார். எலும்பு டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். நமக்கும் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா அவர் பாதி டாக்டர், பாதி லேத் மெஷின் ஆளு.

ஜான் சார்ன்லி 1911-ல இங்கிலாந்தோட லங்காஷயர் பகுதியில, பெரி என்ற ஊர்ல பிறந்தார். அப்பா மருந்துக்கடை வெச்சிருந்தார், அம்மா நர்ஸ். மான்செஸ்டர்ல மருத்துவம் படிச்சு 1935-ல முடிச்சார். இரண்டாம் உலகப் போர்ல ராணுவ டாக்டரா கெய்ரோவுக்குப் போனார். அங்க காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கால் கட்டைகளும் கருவிகளும் செய்யுற பட்டறையிலதான் அவருக்கு இரும்பு மேல ஆசை வந்துச்சு.

போர் முடிஞ்சதும் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினார். எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்க, தன் முழங்கால் கீழ் எலும்பையே வெட்டிப் பார்க்கச் சொல்லி உடன் வேலை பார்த்தவர்கிட்ட கேட்டுக்கிட்டார். சீழ் பிடிச்சு, மறுபடி ஆபரேஷன் வரைக்கும் போச்சு. மனுஷன் திருந்தலை. இதே வேலையை அவர் இன்னொரு தடவையும் பண்ணுவார், கீழே வரும்.

1950-கள்ல இடுப்பு மூட்டு தேஞ்சவங்களுக்குத் தொடை எலும்போட தலையை எடுத்துட்டு அக்ரிலிக் பந்து வைப்பாங்க. அப்படி வெச்ச ஒருத்தர் சாப்பாட்டு மேஜையில முன்னாடி குனியறப்பல்லாம் இடுப்பு கிறீச்சுனு சத்தம் போடும், பொண்டாட்டி எழுந்து போயிடுவாங்களாம். கேக்குறவங்களுக்குச் சிரிப்பு. சார்ன்லிக்கு அது உராய்வுப் பிரச்சனையா தெரிஞ்சது. இயற்கையான மூட்டுல குருத்தெலும்பு, பனிக்கட்டி மேல ஸ்கேட் போறதைவிட வழுக்கலா இருக்கு. பிளாஸ்டிக் பந்து எலும்புல உரசினா சிக்குது. சிக்கினா பந்து எலும்பை விட்டுக் கழண்டுக்கும்.

இதுக்கு அவர் கண்ட வழி நம்ம முதல் வருஷப் பாடம்தான். டார்க் என்பது விசை பெருக்கல் ஆரம். அப்போ ஆரத்தைக் குறை! எல்லாரும் பெரிய பந்து வைக்க, இவர் 22 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது முக்கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்டீல் பந்து வெச்சார். அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். ரெண்டையும் எலும்புல பிடிக்கவைக்கப் பல் டாக்டர்கள் செயற்கைப் பல்லுக்குப் பயன்படுத்துற அக்ரிலிக்கையே எடுத்தார். அது பசை மாதிரி ஒட்டாது, டைல்ஸ் இடுக்குல போடுற கலவை மாதிரி இடைவெளியை நிரப்பி இறுகிப் பிடிக்கும்.

கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுப் பட்டறையில தானே கடைஞ்சு எடுத்துட்டுப் போவார். ஆரம்பத்துல அற்புதமா வேலை செஞ்சது. வலியில துடிச்சவங்க எழுந்து நடந்தாங்க. சுமார் 300 பேருக்கு வெச்சார்.

ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் தேஞ்சு போச்சு. தேஞ்ச துகள் சுத்தியிருக்குற சதையைப் புண்ணாக்கி, எலும்பையும் அரிச்சது. 300 மனுஷங்க. ப்ராஜெக்ட்ல மாடல் உடைஞ்சா நாம மறுபடி ப்ரிண்ட் போட்டுக்குவோம். இவர் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, திறந்து, தன் கையாலேயே அந்தக் கிண்ணங்களை எடுக்க வேண்டியதாச்சு. இந்தக் கட்டத்தைப் படிக்கிறப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

1962-ல ஒரு விற்பனையாளர் புதுசா ஒரு பிளாஸ்டிக்கோட ரைட்டிங்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். லங்காஷயர் நெசவு மில்லுகள்ல தறியோட பல்சக்கரத்துக்குப் போடுற பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால அழுத்திப் பார்த்துட்டு, இது வேலைக்கு ஆகாதுன்னு போயிட்டார். அங்க ஹாரி கிரேவன்னு பட்டறை டெக்னீஷியன் ஒருத்தர் இருந்தார். பாஸ் வெளிநாடு போன நேரத்துல அதை மெஷின்ல மாட்டி ராப்பகலா ஓட விட்டார். டெஃப்லான் ஒரே நாள்ல தேஞ்ச அளவுகூட மூணு வாரத்துல இது தேயலை. திரும்பி வந்த சார்ன்லிக்கு ஆச்சரியம்.

அப்பவும் உடனே நோயாளிக்குப் போடலை. டெஃப்லான் துகளையும் புதுப் பிளாஸ்டிக் துகளையும் தன் தொடையிலேயே ஊசியால ஏத்திக்கிட்டுக் காத்திருந்தார். டெஃப்லான் போன இடம் கட்டி கட்டியா வீங்கிச்சு, மத்தது சும்மா கிடந்தது. அந்த வருஷக் கடைசியிலயே புதுக் கிண்ணம் நோயாளிகளுக்குப் போச்சு. இன்னிக்கும் பெரும்பாலான மூட்டுகள்ல அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். முழங்கால் மூட்டுக்கும் அங்கிருந்தே வழி திறந்தது: ரைட்டிங்டன்ல வேலை பார்த்த கனடாக்காரர் ஃப்ராங்க் கன்ஸ்டன் 1968-ல அதே கலவை, அதே பிளாஸ்டிக் வெச்சு ஒண்ணு செஞ்சார்.

சீழ் பிடிக்கிறதைக் குறைக்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே வடிகட்டின காத்து வீசுற தனிக் கூண்டு கட்டினார். சர் பட்டம் 1977-ல, மரணம் 1982-ல.

அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது வேற. நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச பிறகும் தன் மூட்டைப் பல வருஷம் எல்லா டாக்டருக்கும் விக்க விடலை. முதல்ல ரைட்டிங்டன் வந்து கத்துக்கிட்டுப் போங்கன்னார். நோயாளிகளை வருஷக்கணக்கா திரும்ப வரச்சொல்லிப் பார்த்தார். செத்த பிறகு மூட்டைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார், நிறைய பேர் சந்தோஷமா எழுதியும் கொடுத்தாங்க. டெஃப்லான் கத்துக்கொடுத்த பாடம் அது.

அன்னிக்கு டாக்டர்கள் லங்காஷயருக்குப் போனாங்க, இன்னிக்கு லங்காஷயர் மாதிரி ஊர்கள்லேருந்து நோயாளிகள் சென்னைக்கு வர்றாங்க. அமெரிக்காவுல பல பத்தாயிரம் டாலர் ஆகுறது இங்க அதுல ஒரு பங்குக்கு முடியுது. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முழங்கால் மூட்டு விலைக்கு உச்சவரம்பு போட்டப்போ, சராசரியா 1.58 லட்சத்துக்கு வித்த கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்குச்சு. நம்ம ஊர் ஆயாக்களுக்கும் அது லாபம்தான்.

ஆனா விமானம் ஏறிப் போன நோயாளியைப் பத்து வருஷம் கழிச்சு யார் கூப்பிட்டுப் பார்ப்பாங்க? இந்த இடத்துலதான் சார்ன்லியோட சங்கிலி அறுந்துபோகுது. உங்க வீட்டுல யாருக்காவது மூட்டு மாத்தினா, டிஸ்சார்ஜ் ஃபைல்ல கம்பெனி, சைஸ், நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அதைத் தொலைச்சுடாதீங்க.

எங்க தெரு அம்மா அதை லேமினேட் பண்ணியே வெச்சிருக்காங்க. இந்த டிசம்பர்ல எக்ஸ்ரே எடுக்கச் சென்னை போறாங்க. பஸ்ல துணைக்கு நான் போறேன். படத்துல அந்தச் சின்னப் பந்தைப் பார்த்துட்டு வந்து ஆயாகிட்ட சொல்லணும்.