வெப்பத்தை அலைகளாய் வகுத்த அறிஞர் ஃபூரியர்

முன்னுரை

கல்வி தேடுதலைக் கடமையாக்கிய மார்க்கம் இஸ்லாம். அறிவு எத்திசையில் தோன்றினும் அதனைத் தேடிச் சென்று கற்று, மேலும் வளர்த்து உலகுக்கு வழங்கிய வரலாறு முஸ்லிம் அறிஞர் பெருமக்களுக்கு உண்டு. கணிப்பொறியின் உயிர்நாடியாகிய 'அல்காரிதம்' என்னும் சொல்லே, பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். அந்த மரபில் வந்த நாம், பிற நாட்டு அறிஞர்களின் வாழ்வையும் அறிந்து கொள்ளுதல் பொருத்தமுடையது. அவ்வகையில், இன்று பல்லாயிரம் செயலிகள் ஒன்றுகூடிச் செய்யும் பெருங்கணக்குகளுக்கு அடிகோலிய பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியரின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் ஓசேர் என்னும் ஊரில், 1768 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள் ஃபூரியர் பிறந்தார். தந்தையார் தையற்கலைஞர், குடும்பமோ பெரியது. பத்து வயதை ஒட்டிய பருவத்திலேயே தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்து அநாதையானார். ஆதரவற்ற அச்சிறுவரின் கூரிய அறிவைக் கண்டோர், அவ்வூரில் பெனடிக்டின் துறவியர் நடத்திய படைப்பள்ளியில் அவரைச் சேர்த்தனர். பதினான்கு வயதிற்குள் பெசூ என்பார் எழுதிய கணித நூலின் ஆறு தொகுதிகளையும் கற்றுத் தேர்ந்தார்.

1787 இல் துறவு வாழ்வை நாடி மடம் ஒன்றில் சேர்ந்தார். ஆயினும் அவருள்ளம் கணிதத்தையே நாடியது. இறுதி உறுதிமொழி ஏற்காமலே 1789 இல் அங்கிருந்து வெளியேறினார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டும் அதுவே. தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராக அமர்ந்த அவர், 1793 இல் உள்ளூர்ப் புரட்சிக் குழுவில் சேர்ந்தார். பயங்கர ஆட்சியின் கொடுமைக்கு ஆளானோர்க்காகப் பரிந்து நின்றமையால், 1794 இல் சிறைப்பட்டார். ரோபெஸ்பியர் வீழ்ந்தமையால் அவர் தலை தப்பியது. அடுத்த ஆண்டு பாரிசில் தொடங்கப்பெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராகி, இலக்ராஞ்சி, இலப்பிலாசு, மோஞ்சு ஆகிய மூவரிடமும் பாடங்கேட்டார். 1797 இல் பாரிசுப் பல்தொழிற் கல்லூரியில், தம் ஆசானாகிய இலக்ராஞ்சியின் இருக்கையையே ஏற்கும் அளவிற்கு உயர்ந்தார்.

எகிப்தில் கண்டவை

1798 இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது, படைவீரர்களோடு அறிஞர் குழு ஒன்றையும் அழைத்துச் சென்றார். அக்குழுவில் ஃபூரியரும் ஒருவர். கெய்ரோவில் நிறுவப்பெற்ற எகிப்தியக் கழகத்திற்கு மோஞ்சு தலைவரானார். ஃபூரியர் நிலையான செயலாளரானார். அல்குவாரிஸ்மிக்குப் பின் ஒளியியலுக்கு அடித்தளமிட்ட இப்னு அல்ஹைதம் வாழ்ந்து மறைந்த நகரமும் அதுவே என்பது எண்ணத்தக்கது.

எனினும் அறிவு அங்கே ஆயுதத்தின் நிழலில் வந்து இறங்கியது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவ்வாண்டு அக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, பிரெஞ்சுப் பீரங்கிகள் அல்அஸ்ஹர் பள்ளிவாசலைத் தாக்கின; குதிரைப்படை அதனுள் புகுந்து அதன் புனிதத்தைக் குலைத்தது. அக்காலத்து வரலாற்றாசிரியராகிய அல்ஜபர்த்தி அக்கொடுமையைப் பதிவு செய்தார். அவரே, அப்பிரெஞ்சு அறிஞர்களின் நூலகத்திற்குச் சென்று, அங்கிருந்த நூல்களையும் கருவிகளையும் வேதியியற் சோதனைகளையும் கண்டு வியந்து அதனையும் எழுதி வைத்தார். அநீதியை அநீதி என்றும், அறிவை அறிவு என்றும் பிரித்துக் காணும் நடுநிலை அது. ஃபூரியரின் வாழ்வை நோக்கும் நமக்கும் அந்நடுநிலையே வழிகாட்டியாகும்.

ஆட்சியரும் ஆய்வாளரும்

1801 இல் தாயகம் திரும்பிய ஃபூரியர், கல்லூரிக்கே செல்ல விழைந்தார். நெப்போலியனோ அவரைக் கிரனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இசேர் மாவட்டத்தின் ஆட்சியராக 1802 இல் அமர்த்தினார். விரும்பாத பணியாயினும் அதனைச் செம்மையாகவே ஆற்றினார். நெடுங்காலமாக நோய்க்கு இருப்பிடமாக இருந்த பூர்குவான் சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கியது அவர் சாதனை. அந்நிலத்தில் பல ஊர்களுக்கும் உரிமை இருந்தது; ஒவ்வோர் ஊராரிடமும் பேசி, அனைவரையும் இணங்க வைத்தே அப்பணியை அவர் முடித்தார். எகிப்தைப் பற்றிய பெருந்தொகுப்பு நூலுக்கு வரலாற்று முன்னுரை எழுதியவரும் அவரே. பிற்காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை விடுவித்த சம்போலியோன், கிரனோபிளில் மாணவராக இருந்தபோது ஃபூரியரின் ஆதரவைப் பெற்றவராவார்.

இத்தனை அலுவல்களுக்கு இடையேதான் அவருடைய தலையாய ஆய்வு நிகழ்ந்தது. இரும்புக் கோல் ஒன்றை ஓரிடத்தில் சூடாக்கினால், அச்சூடு எவ்வாறு பரவுகின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஒரு புள்ளியின் வெப்பம் மாறும் வேகம், அதன் அண்டைப் புள்ளிகளின் வெப்பத்தோடு அதற்குள்ள வேறுபாட்டைப் பொறுத்தது எனக் கண்டு, அதனைச் சமன்பாடாக்கினார். கோலின் வெப்பநிலை எத்தகைய வடிவில் இருப்பினும், அதனைப் பல சைன், கொசைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்றார். பிரித்தபின் ஒவ்வோர் அலையும் பிறவற்றைச் சாராமல் தனித்தே தேயும். நெருக்கமான அலை விரைந்து தேயும். அகன்ற அலை மெல்லத் தேயும். தேய்ந்த அலைகளை மீண்டும் கூட்டினால் பிற்காலத்து வெப்பநிலை கிடைத்துவிடும். சிக்கலான ஒன்றை எளிய பலவாக வகுத்து, தனித்தனியே தீர்த்து, மீண்டும் சேர்க்கும் இவ்வழியே ஃபூரியரின் கொடை.

பதினைந்து ஆண்டுப் பொறுமை

இந்த ஆய்வுரையை 1807 டிசம்பர் 21 ஆம் நாள் பாரிசுக் கழகத்தில் அளித்தார். ஆய்ந்தோர் இலக்ராஞ்சி, இலப்பிலாசு, மோஞ்சு, இலக்குருவா ஆகிய நால்வர். தம் ஆசான்மாரே தம் ஆய்வை எடைபோடும் நிலை! திடீரென முறியும் கோடுகளைக்கூட வளைந்து செல்லும் அலைகளின் கூட்டாகக் காட்ட இயலும் என்பதை இலக்ராஞ்சி ஏற்கவில்லை. கட்டுரை அச்சேறவில்லை. பின்னர் அதே பொருளுக்குப் பரிசுப் போட்டி அறிவிக்கப்பெற்றது. விரிவாக்கிய கட்டுரையை ஃபூரியர் விடுத்தார். 1812 இல் பரிசு அவருக்கே கிட்டியது. ஆயினும் நிறுவும் முறையில் உறுதி போதாது என்னும் குறையும் உடன் வந்தது. அச்சேறுதல் மீண்டும் தள்ளிப்போயிற்று.

அரசியலும் அவரை அலைக்கழித்தது. 1815 இல் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து மீண்டு கிரனோபிள் வழியே வந்தபோது, ஃபூரியர் நகரைவிட்டு அகன்றார். பின்னர் நெப்போலியன் அளித்த ரோன் மாவட்டப் பதவியையும் விரைவிலேயே துறந்தார். பதவியின்றிப் பாரிசு வந்தவரை 1816 இல் அறிவியற் கழகம் தேர்ந்தெடுத்தது. பதினெட்டாம் லூயி மன்னர் அதனை ஏற்க மறுத்தார். மறு ஆண்டு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெற்றபோது மன்னர் இசைந்தார். 1822 இல், முதற் கட்டுரை அளித்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, வெப்பம் பற்றிய பகுப்பாய்வுக் கோட்பாடு என்னும் அவர் நூல் வெளிவந்தது. அவ்வாண்டே கழகத்தின் நிலையான செயலாளருமானார். 1829 இல் திரிக்கிலே என்னும் கணித அறிஞர், எந்நிலைகளில் அத்தொடர்கள் பொருந்தும் என்பதை ஐயமற நிறுவினார். ஆசான்மார் எழுப்பிய ஐயமும் பொய்யன்று. மாணவர் கொண்ட துணிவும் பொய்யன்று. ஐயமும் துணிவும் சேர்ந்தே கணிதத்தை உறுதியாக்கின.

1830 மே 16 ஆம் நாள் பாரிசில் ஃபூரியர் உயிர் நீத்தார்.

கணிப்பொறிகளின் கூட்டுழைப்பு

ஃபூரியர் கைவிரல் கொண்டு எழுதிய கணக்கை இன்று கணிப்பொறிகள் செய்கின்றன. அளவீடுகளின் வரிசை ஒன்றை அலைகளாகப் பிரிக்கும் கணக்கே 'ஃபூரியர் உருமாற்றம்' எனப்படும். 1,024 அளவீடுகளை நேர்வழியில் பிரிக்க, 10,48,576 பெருக்கல்கள் வேண்டும். 1965 இல் கூலி, டியூக்கி என்னும் இருவர் விரைவுமுறை ஒன்றை வெளியிட்டனர். வரிசையை இரட்டைப்படை, ஒற்றைப்படை இடங்களாக இருகூறாக்கி, அவற்றையும் மீண்டும் மீண்டும் இருகூறாக்கும் அம்முறையில், 10,240 என்னும் அளவை ஒட்டிய செயல்களே போதும். ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு! இதே கருத்தை 1805 அளவிலேயே காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டிருந்தார் என்பதும், அது அவர் மறைவுக்குப் பின்னரே அச்சில் வந்தது என்பதும் வியப்பிற்குரியன.

விரைவுமுறை கிட்டியும் ஓர் இடர் எஞ்சியது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4,096 புள்ளிகள் கொண்ட கனசதுரம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மொத்தப் புள்ளிகள் 6,871 கோடிக்கும் மேல். புள்ளி ஒன்றுக்குப் பதினாறு பைட்டு எனில், ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் கோடி பைட்டுகளுக்கும் மேலான நினைவகம் தேவை. இப்பெரும் பரப்பைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டுத் தருவதே வழி. அவ்வாறு பங்கிடும்போது, ஒவ்வொரு செயற்கூறும் தன் நினைவகத்தில் உள்ளதை மட்டுமே காணும். பிறிதொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்க இயலாது. வேண்டியதைச் செய்தியாக அனுப்பியும் பெற்றுமே அறிய வேண்டும். இச்செய்திப் பரிமாற்றத்திற்கு 1994 இல் 'எம்.பி.ஐ.' என்னும் பொது நெறிமுறை வகுக்கப்பெற்றது.

முப்பரிமாண உருமாற்றத்தை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை, உயரவாக்கில் ஒருமுறை எனத் தனித்தனியே செய்யலாம். கனசதுரத்தை ரொட்டித் துண்டுகள்போல் தகடு தகடாக அறுத்துப் பங்கிட்டால், ஒவ்வொரு செயற்கூறும் தன் தகட்டுக்குள்ளேயே இரு திசைக் கணக்குகளை முடித்துவிடும். மூன்றாம் திசைக் கோடுகளோ எல்லாத் தகடுகளையும் ஊடுருவிச் செல்வன. எனவே எல்லாரும் எல்லாரோடும் தரவுகளைப் பரிமாறி, வரிசையை நிரலாகத் திருப்பியாக வேண்டும். 4,096 செயற்கூறுகள் இருப்பின், ஒவ்வொன்றும் மற்ற 4,095 கூறுகளுக்கும் செய்தி அனுப்ப நேரிடும். அதற்கு மேற்பட்ட கூறுகளுக்குப் பங்கிடத் தகடுகளும் இரா.

இவ்விடர் தீரத் தகட்டினை மேலும் அறுத்து, எழுதுகோல் வடிவப் பட்டைகளாக்கினர். 4,096 செயற்கூறுகளை 64க்கு 64 எனச் சதுரமாக நிறுத்தினால், ஒரு பரிமாற்றத்தில் ஒவ்வொன்றும் தன் வரிசையிலுள்ள 63 பேரோடு மட்டும் பேசினால் போதும். பரிமாற்றம் ஒன்றுக்கு இரண்டாகும். நகரும் தரவும் கூடும். ஆயினும் செய்திகளின் எண்ணிக்கை 4,095 இலிருந்து 126 ஆகக் குறையும். பல்லாயிரம் கூறுகளையும் பணியில் ஈடுபடுத்தலாம். கணக்கிடும் வேகம் செய்தி செல்லும் வேகத்தை விஞ்சிவிட்ட இந்நாளில், பெருங்கணக்கின் காலத்தில் பெரும்பகுதி இப்பரிமாற்றத்திலேயே கழிகின்றது. ஆதலின் ஒரு பகுதியின் செய்தி பயணத்தில் இருக்கும்போதே மறுபகுதியின் கணக்கை நடத்துதலும் ஓர் உத்தியாகும்.

2002 இல் ஜப்பானின் 'புவி ஒப்புருவாக்கி' என்னும் பெருங்கணிப்பொறி, மேற்சொன்ன 4,096 புள்ளிக் கனசதுர அளவில், நீர்மங்களின் கொந்தளிப்பை இந்த அலைமுறையாலேயே கணக்கிட்டது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் 1983 இலேயே தன் கணக்கீட்டை அலைமுறைக்கு மாற்றியிருந்தது. 1820களில் புவியின் வெப்பநிலையைக் காற்றுமண்டலம் காத்து நிற்கும் பாங்கினை ஆராய்ந்து எழுதியவரும் ஃபூரியரே. அவர் ஆராய்ந்த அக்காற்றுமண்டலத்தை, அவர் கண்ட முறையாலேயே பிற்காலம் கணக்கிடுகின்றது!

முடிவுரை

தையற்கலைஞரின் மகனாய்ப் பிறந்து, பெற்றோரை இழந்து, சிறை கண்டு, ஆசான்மாரின் மறுப்பையும் அரசரின் மறுப்பையும் தாங்கி, பதினைந்து ஆண்டுகள் தம் கருத்தை விடாது செப்பஞ்செய்தவர் ஃபூரியர். வறுமையையும் பின்தங்கிய சூழலையும் கடந்து கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவ மாணவியர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய வாழ்வு அது.

பகுத்தளித்த பணியை அவரவர் செம்மையாய் முடித்தல் ஒரு பாதி. முடித்ததைப் பிறர்க்கு உரிய நேரத்தில் வழங்குதல் மறுபாதி. பிறர்க்கு வழங்காமல் ஒரு கூறு தன்னிடமே வைத்துக்கொண்டால், ஆயிரம் கூறுகளின் உழைப்பும் காத்துக் கிடக்கும். கணிப்பொறிகளுக்கு மட்டுமன்று, கற்றவர்க்கும் பொருந்தும் நெறி இது. பயனுள்ள கல்வியைப் பெறவும், பெற்றதைப் பிறர்க்கு வழங்கவும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக!