மாருதி இன்ஜினில் பந்தயக் கார் கட்டிய கரிவரதன்

சென்ற மாதம் நம் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு பையன்கள் கைப்பேசியில் அமெரிக்கக் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டை வடிவப் பாதையில் கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. நம்மூரில் இப்படி ஒரு மைதானம் உண்டா தாத்தா என்று ஒருவன் கேட்டான். அப்படியே அதே மாதிரி கிடையாது. ஆனால் அவனிடம் சொல்ல எனக்கு ஒரு மனிதரின் கதை இருந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் மைதானமும் ஒரு காலத்தில் விமானதளமாக இருந்ததுதான். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் பந்தயங்களை நடத்தி வந்தது. நாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் அதே அம்பாசிடரையும் பியட்டையும் மாற்றியமைத்து அங்கே ஓட்டினார்கள். கல்லூரி நாளில் நண்பர்களோடு ஒருமுறை போயிருக்கிறேன். வெயிலும் புழுதியும் காது அடைத்துப்போனதும்தான் நினைவில் நிற்கின்றன. யார் ஜெயித்தார் என்பது மறந்துவிட்டது.

அந்தச் சோழவரத்தில் பேர் வாங்கியவர் எஸ். கரிவரதன். 1954ல் பிறந்தவர், கோவை மில் குடும்பத்துப் பிள்ளை. எல்லோருக்கும் அவர் கரிதான். பணம் இருந்தது, ஓட்டினார், ஜெயித்தார் என்று முடிந்திருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு வசதி உள்ளவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். கரி இந்தக் கணக்கை மாற்றினார். 1988 வாக்கில் இரும்புக் குழாய்களால் சட்டம் அமைத்து, அதில் மாருதி 800ன் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைச் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. மாருதி 800 என்றால் வங்கியில் எங்கள் மேசைக்கு வந்த கார் கடன் மனுக்களில் பெரும்பாலும் இருந்த வண்டி. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் இன்ஜின் தெரியும். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணப்பையைவிட ஓட்டுகிறவன் கைக்குத்தான் வேலை. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் செலவைக் குறைத்ததுதான் பெரிய சாதனை.

1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தது. பழைய ஓடுதளத்தின் காலம் அத்தோடு முடிந்தது. 1992ல் அந்தப் புதிய பாதையில் ஃபார்முலா மாருதி ஓட்டத் தொடங்கினான் பதினைந்து வயதுப் பையன் ஒருவன். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்.

அந்தப் பையன் எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்கக் கரிக்குக் கொடுத்து வைக்கவில்லை. கார் பந்தயத்தில் இத்தனை வருடம் தப்பியவர், 1995 ஆகஸ்ட் 24 அன்று சிறிய இலகுரக விமானம் விழுந்து இறந்தார். வயது 41. எந்தப் பட்டறையிலும் முதலாளி போனால் வேலை நின்றுவிடும் என்பார்கள். இங்கே அப்படி ஆகவில்லை. அவரோடு இருந்தவர்கள் கார் கட்டுவதைத் தொடர்ந்தார்கள். 2003ல் கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பந்தயப் பாதை திறந்து, அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றே பெயர் வைத்தார்கள். பெண்ணையாற்றுப் பக்கம் சாலையில் பைக்கை விரட்டும் நம் பிள்ளைகள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கலாம். தலைக்கவசம், தீயணைப்பு ஆட்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருந்த பிறகுதான் கொடி அசைப்பார்கள்.

கேள்வி கேட்ட பையனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்ற ஊரில் இரண்டரை மைல் சுற்றுள்ள புகழ்பெற்ற நீள்வட்டப் பாதை உண்டு. அதன் ஒரு பகுதியையும் உள்ளே உள்ள வளைவுகளையும் சேர்த்து 2005 ஜூன் மாதம் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. டயர் தகராறில் பல அணிகள் விலகிவிட, ஆறு கார்களே ஓடின. அதில் நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் புள்ளி எடுத்தது அதுவே முதல் முறை. கரி இறந்து அப்போது பத்து வருடம் ஆக இரண்டு மாதம்தான் பாக்கி.