நடராசரை விளக்கிய ஆனந்த குமாரசுவாமி

நடராசருக்கு ஏன் நான்கு கைகள்? சிட்னியிலும் மெல்பேணிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்ல முனைவோருக்கு வழிகாட்டியவர் ஆனந்த குமாரசுவாமி.

1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். படித்தது நிலவியல், இலங்கை திரும்பியதும் கனிமங்களை ஆராயத்தான். ஆனால் மனம் கலையில் நின்றுவிட்டது.

1912இல் 'சித்தாந்த தீபிகை'யில் நடராசர் கூத்தைப் பற்றி எழுதினார். உடுக்கை படைப்பு, அபயகரம் காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள். சைவர்களுக்கு இது பழைய செய்திதான். பல கைகளை விகாரமாகக் கண்ட மேனாட்டாருக்கோ புதிது. கூத்து நிகழும் தில்லை நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது என்றும் விளக்கினார்.

1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் அமெரிக்காவிலேயே மறைந்தார்.