ஒளியைப் பேழையில் அடைத்த நியெப்ஸ்

உலகிற்குப் பேருதவி புரிந்தோருள் சிலர் தம் வாழ்நாளிலேயே கீர்த்தி பெற்றனர்; சிலரோ கீர்த்தி வந்து வாயிலில் நிற்குமுன்னரே மண்ணுலகை நீத்தனர். நிசெபோர் நியெப்ஸ் என்னும் பிரெஞ்சுப் பெரியார் பிற்கூறியவருள் ஒருவர். கல்லூரி ஆண்டு விழாவில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நாம், அவ்வித்தையின் முதற்கருவிகளுள் ஒன்று ஒரு தந்தை தம் மைந்தனுடைய மோதிரப் பேழையைக் கொண்டு இயற்றியது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நியெப்ஸ் 1765-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள், பிரான்சு தேசத்தில் சோன் நதிக்கரையிலுள்ள சலோன் என்னும் ஊரில், செல்வம் நிறைந்த குடும்பத்தில் தோன்றினார். இளமையில் கற்றுத் தேர்ந்து, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைத்தொழில் மேற்கொண்டு, இத்தாலிவரை சென்றார். கொடிய நோய்வாய்ப்பட்டமையால் அப்பதவியைத் துறந்து, நீஸ் நகரில் ஆக்னெஸ் என்னும் நங்கையை 1794-இல் மணந்தார். அடுத்த ஆண்டில் இசிதோர் என்னும் மகன் பிறந்தான். 1801-இல் சொந்த ஊருக்கு மீண்டு, தமையனார் குளோது என்பாருடன் கூடிப் புதுக்கருவிகளை ஆராய்வதிலேயே காலம் கழித்தார். இருவரும் இயற்றிய யந்திரம் ஒன்று, நுண்ணிய தூளை உள்ளே எரித்து, அவ்வேகத்தால் சோன் நதியில் ஒரு படகை நீரோட்டத்திற்கு எதிராகச் செலுத்தியது. அதற்கு 1807-இல் நெப்போலியன் சக்கரவர்த்தி உரிமைப் பத்திரம் வழங்கினார். அந்த யந்திரத்தை விலையாக்கும் பொருட்டுத் தமையனார் முதலில் பாரிசுக்கும், பின்னர் இங்கிலாந்திற்கும் சென்றார். இப்பிரிவே பின்னர்ப் பெருந்துன்பத்திற்கு வித்தாயிற்று.

அக்காலத்தில் கல்லின்மீது சித்திரம் வரைந்து அச்சிடும் கலை பிரான்சில் பரவியிருந்தது. நியெப்சுக்கு அதில் ஆசை மிகுதி; சித்திரம் வரையும் கைத்திறமோ குறைவு. ஆகவே, கதிரவனே தமக்குச் சித்திரம் வரைந்து தந்தால் என்ன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. சிறு துளையோ கண்ணாடி வில்லையோ பொருத்திய இருட்டுப் பெட்டியினுள் வெளியிலுள்ள காட்சி தலைகீழாகத் தோன்றும் என்பது முன்னரே பலரும் அறிந்த செய்தி. தோன்றியதை நிற்கச் செய்வதே எவராலும் ஆகாதிருந்தது.

1816-இல் அவர் ஆறு அங்குலச் சதுரமான பெட்டியொன்று செய்து, நீட்டவும் சுருக்கவும் கூடிய குழாயில் வில்லையைப் பொருத்தினார். சில நாளில் அவ்வில்லை உடைந்தது. தக்க வேறொன்று கிடைத்திலது. அவர் சோர்ந்திலர். பாட்டனார் வைத்துச்சென்ற சூரிய நுண்காட்டியின் சிறு வில்லையை எடுத்து, இசிதோரின் மோதிரப் பேழையில் பொருத்தினார். ஏறக்குறைய ஒன்றரை அங்குலமே உள்ள அப்பேழையைத் தம் அறையின் திறந்த சாளரத்திற்கு எதிரே வைக்க, முற்றத்துப் பறவைக்கூண்டின் உருவம் வெள்ளி உப்புப் பூசிய தாளில் பதிந்தது. ஆயினும், ஒளியுள்ள இடம் கருத்தும் நிழல் வெளுத்தும் காணப்பட்டன. அவ்வுருவத்தை நிலைபெறச் செய்யவும் இயலவில்லை.

அச்சுத் தகடாகப் பயன்பட வேண்டுமாயின் படம் பெரிதாதல் வேண்டும். சிறு படத்தைப் பின்னர்ப் பெருக்கும் வழி அன்று இல்லாமையால், தகடு எவ்வளவோ பெட்டியும் அவ்வளவு வேண்டும். பெட்டி பெருகப் பெருக, வில்லைக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள தூரமும் பெருகும். சலோன் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் உள்ள அவருடைய பெட்டிகளை நோக்குவோர், துருத்திபோல் மடிந்து விரியும் அமைப்பையும், கண்ணின் பாவைபோல் சுருங்கி விரிந்து ஒளியை அளக்கும் அமைப்பையும் காணலாம். பின்னாளில் பெரும் காமிராக்கள் பல இவற்றை மேற்கொண்டன.

வேதாகமத்திலே பாபேல் கோபுரம் கட்டினோர் சாந்தாக வழங்கிய நிலக்கீலே முடிவில் நியெப்சுக்குத் துணையாயிற்று. அதனை லவெண்டர் எண்ணெயில் கரைத்துத் தகட்டில் மெல்லப் பூசினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் எண்ணெயால் கழுவ நீங்கும். 1826 அல்லது 1827-இல், செயின்-லூ-தெ-வரேன் என்னும் சிற்றூரிலிருந்த தம் மாளிகையின் மேல்மாடிச் சாளரத்தில் பெட்டியை வைத்து, ஏறக்குறைய எட்டு அங்குலமும் ஆறரை அங்குலமும் உள்ள வெள்ளீயக் கலப்புத் தகட்டில் வெளிக்காட்சியைப் பதித்தார். எட்டு மணிக்கும் மேலாக ஒளி விழுந்தமையால், கட்டடங்களின் கீழ்ப்புறமும் மேற்புறமும் ஒருங்கே வெயில் பெற்றனபோல் அதில் விளங்குகின்றன. காமிராவினால் எடுத்த படங்களுள் இன்றுவரை எஞ்சியிருப்பனவற்றில் அதுவே மிகப் பழமையானது.

1827-இல் தமையனாரைக் காண நியெப்ஸ் இங்கிலாந்து சென்றார். குளோது சித்தம் கலங்கியிருந்தார். குடும்பச் செல்வமும் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. தம் கண்டுபிடிப்பையாவது அரச சங்கத்தார் முன் வைத்துச் சிறப்புப் பெறலாம் என்று கருதினார். ஆனால் செய்முறையின் இரகசியத்தை வெளியிட அவர் இசையாமையால், சங்கத்தார் அதனை ஏற்றிலர். வறுமை வாசலில் நிற்க, எஞ்சிய ஒரே பொருளைக் காத்த மனிதரை நாம் எளிதில் குறைகூறல் ஆகாது. ஆயினும் ஒளியை உள்ளே அழைத்தவர் தம் வித்தையை இருளில் வைத்தமை இரங்கத்தக்கதே. ஊர் திரும்புமுன், தமக்கு உதவிய பிரான்சிஸ் பவர் என்னும் தாவர ஓவியரிடம் அந்தத் தகட்டையும், தம் கையெழுத்துக் குறிப்பையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் தமையனார் இறந்தார்.

1829-ஆம் ஆண்டு டிசம்பரில் தகேர் என்னும் பாரிசு நகரத்து ஓவியரோடு உடன்படிக்கை செய்துகொண்டு உழைத்த நியெப்ஸ், 1833-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தம் 68-ஆம் வயதில் காலமானார். பின்னர்த் தகேர் வேறு முறையால் விரைவில் படமெடுக்கக் கண்டார். 1839-இல் பிரெஞ்சு அரசாங்கத்தார் அவருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், இசிதோருக்கு 4,000 பிராங்கும் வழங்கி, அவ்வித்தையை உலகறிய வெளியிட்டனர். தகேர் பெயரே எங்கும் முழங்கிற்று. அப்பொழுது நியெப்சின் முதன்மையை எடுத்துரைத்தவர் அந்தப் பவர் என்னும் நண்பரே.

தகடும் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1952-இல் கெர்ன்ஷைம் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைத் தேடிக் கண்டெடுத்தார். இப்பொழுது அது அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் போற்றப்படுகிறது.

நியெப்ஸ் மறைத்துவைத்த இரகசியம் அவருக்குப் பொருளையும் தரவில்லை, புகழையும் தரவில்லை. நண்பருக்கு மனமுவந்து ஈந்த ஒரு தகடும் சில தாள்களுமே அவர் பெயரை அழியாமற் காத்தன. வில்லை உடைந்தபோது மோதிரப் பேழையை நாடிய அவருடைய ஊக்கத்தை நாம் கற்போமாக. கற்றதைப் பிறர்க்கு ஈவதையும் மறவாதிருப்போமாக.