எல்.கே.ஜி.க்குள் ஒரு தோட்டம்



ஜூன் பிறந்துவிட்டால் நம் வாசலில் காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன்கள் வரிசை கட்டி நிற்கும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வாண்டுகளை ஏற்றிவிட்டுத் தாத்தா பாட்டிகள் திரும்பி வருவோம். அந்த கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது ஜெர்மன் சொல். கிண்டர் என்றால் குழந்தைகள், கார்டன் என்றால் தோட்டம். குழந்தைகளைச் செடிகளாக நினைத்து யாரோ அழகுக்காக வைத்த பெயர் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பேரன் யு.கே.ஜி.யில் சேர்ந்த பிறகு, பணி ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம், தேடிப் படித்தேன். அந்தப் பெயரை வைத்தவர் உவமையை மட்டும் மனதில் வைக்கவில்லை. மண், பாத்தி, விதை, பூவாளி எல்லாம் இருக்கிற நிஜத் தோட்டத்தையும் சேர்த்தே வைத்தார். அவர் பிரெட்ரிக் ஃப்ரோபெல்.

1782 ஏப்ரல் 21-ல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தேவாலயப் போதகர். பல கிராமங்களைக் கவனிக்கும் பொறுப்பு, வீட்டில் தங்க நேரமில்லை. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது அம்மா இறந்துவிட்டார். சிற்றன்னை வந்தார், தனக்கொரு குழந்தை பிறந்ததும் இவரை ஒதுக்கிவிட்டார். வீட்டைச் சுற்றிக் கட்டடங்களும் சுவரும் வேலியும். அதைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. இருந்த ஒரே துணை வீட்டுத் தோட்டம். ஒருமுறை அண்ணன் கிறிஸ்டாப், ஹேசல் மரத்துப் பூவில் இருக்கும் செந்நீல இழைகளைக் காட்டி, பூக்களிலும் ஆண், பெண் உண்டு என்று விளக்கினார். அந்தச் சிறு பாடம் கடைசி வரை ஃப்ரோபெலுக்கு மறக்கவில்லை.

பத்து வயதில் தாய்மாமன் வீட்டுக்குப் போனார். அங்கேதான் முதன்முதலாக மற்றப் பையன்களோடு ஓடி விளையாடினார். பதினைந்து வயதில் ஒரு வனத்துறைக்காரரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். அவருக்குச் சொல்லித்தர நேரமில்லை. பையன் இரண்டு வருடம் காட்டில் தானே சுற்றி, செடிகளைச் சேகரித்து, தாவரவியல் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானே படித்தான்.

அடுத்ததை ஒரு பழைய வங்கி ஊழியனாகச் சொல்கிறேன், மனிதருக்குக் கணக்கு வழக்கே வராது. யேனா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதியை இன்னோர் அண்ணனுக்குக் கடன் கொடுத்தார், அது திரும்பவில்லை. சாப்பாட்டுக் கடைப் பாக்கிக்காகப் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் அடைபட்டார். அந்தக் காலத்தில் அங்கே பல்கலைக்கழகத்துக்கென்று தனிச் சிறையே இருந்தது. பின்னாளில் அவர் நடத்திய பள்ளிகளும் பெரும்பாலும் கடனில்தான் ஓடின. நான் கிளையில் இருந்திருந்தால் அவருடைய கடன் விண்ணப்பத்தை மேலாளரிடம் கொண்டுபோகவே யோசித்திருப்பேன்.

1805-ல் கட்டடக்கலை படிக்க பிராங்க்ஃபர்ட் போனவர் ஆசிரியராகிவிட்டார். ஹோல்ஸ்ஹவுசன் என்ற குடும்பத்தின் மூன்று பையன்களுக்கு வீட்டு ஆசிரியர் வேலை. பையன்கள் பயிர் செய்து பழகுவதற்காகப் பெற்றோர் புல்வெளியில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். பின்னால் வரப்போகும் கிண்டர்கார்டன் தோட்டத்துக்கு இதை வெள்ளோட்டம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பிறகு அந்தப் பையன்களை அழைத்துக்கொண்டு ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலாட்சியின் பள்ளிக்குப் போய் இரண்டு வருடம் தங்கினார். அப்புறம் பெர்லினில் படிகக் கற்களைப் பற்றிய ஆராய்ச்சி, 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படை என்று சில வருடங்கள் ஓடின.

அந்த 1813-ல்தான் பூவைக் காட்டிய அண்ணன் கிறிஸ்டாப் இறந்தார். மூன்று பிள்ளைகள். ஃப்ரோபெல் பெர்லின் அருங்காட்சியக வேலையை விட்டுவிட்டு வந்து, அந்த மூவரையும் இன்னோர் அண்ணன் பிள்ளைகள் இருவரையும் வைத்து 1816-ல் ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே அது கைல்ஹவ் என்ற கிராமத்துக்கு மாறியது. பிள்ளைகள் மலை ஏறினார்கள், ஓடையில் அணை கட்டினார்கள், கல்லும் செடியும் பொறுக்கி வந்து வகை பிரித்தார்கள். மாணவர்கள் ஐம்பதைத் தாண்டினார்கள். அரசியல் சந்தேகம் கிளம்பியதும் அதே பள்ளியில் ஐந்தாறு பேர்தான் மிஞ்சினார்கள்.

ஐம்பத்தைந்து வயதில்தான் அவர் சின்னக் குழந்தைகள் பக்கம் திரும்பினார். ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் ஆசிரியர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதற்கு முந்தைய வருடங்கள் வீணாகின்றன என்பது அவர் கண்ட முடிவு. 1837-ல் பக்கத்து ஊரான பாட் பிளாங்கன்பர்க்கில் வேலையைத் தொடங்கினார். ஆனால் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. ஒருநாள் நண்பர்கள் இருவருடன் கைல்ஹவிலிருந்து மலைப்பாதையில் நடந்துவரும்போது கிண்டர்கார்டன் என்ற சொல் தோன்றியது. 1840 ஜூன் 28-ல் அது முறைப்படி அறிவிக்கப்பட்டது.

அங்கே என்ன இருந்தது? ஒரு பக்கம் விளையாட்டுப் பொருள்கள். கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள், மரத்தில் உருண்டை, கனசதுரம், உருளை, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் பெட்டி. இவற்றுக்கு அவர் இட்ட பெயர் பரிசுகள். மறுபக்கம் தோட்டம். நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிச் சிறு பாத்தி, அதில் பெயர் எழுதிய பலகை. இடம் போதவில்லையென்றால் இரண்டு பேருக்கு ஒன்று. சுற்றிலும் எல்லோருக்குமான பொதுப் பாத்திகள், அதில் தானியம், காய்கறி, பூச்செடி. பொதுப் பாத்தியில் முறை வைத்து எல்லோரும் வேலை செய்ய வேண்டும். சொந்தப் பாத்தியில் குழந்தை எதை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் நடலாம், தினமும் பிடுங்கிப் பார்க்கலாம். செடி செத்துப்போனால் பெரியவர்கள் குறுக்கே வரக்கூடாது, தான் செய்ததன் விளைவைக் குழந்தை தானே பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. நாம் விடுவோமா?

வயதான மனிதர் தெருவில் பிள்ளைகளோடு கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் கிறுக்குக் கிழவர் என்றே பேசிக்கொண்டார்கள். அவர் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்தார், அது அன்று புதுமை. 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. தீவிர அரசியல் கருத்துள்ள அண்ணன் மகன் கார்ல் எழுதிய சிறு நூலை இவருடையது என்று குழப்பிக்கொண்டார்கள். இவர் விளக்கம் எழுதினார், மன்னருக்கு மனு போட்டார். தவறான கணக்கில் பற்று வைத்துவிட்டுத் திருத்த மறுத்தது போலத்தான். 1852 ஜூன் 21-ல் இறந்தார். தடை நீங்கியது 1860-ல்.

அதற்குள் அவரிடம் பயின்றவர்கள் வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1856-லேயே அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கியது. ஆனால் போன இடமெல்லாம் எளிதாகப் பரவியது மரக்கட்டைகள்தான். பெட்டியில் போட்டு விற்கலாம், கப்பலில் அனுப்பலாம், எந்த அறையிலும் பரப்பலாம். கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் சிறுவயதில் அவற்றை வைத்து விளையாடியதைத் தன் சுயசரிதையில் குறித்திருக்கிறார். பாத்திக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சேறான சட்டையைத் துவைக்க ஆள் வேண்டும். என் பேரன் வகுப்பில் வண்ணக் கட்டைகள் கூடை நிறைய இருக்கின்றன. மண் இல்லை. மாதப் பட்டியலில் ஒருநாள் பச்சை நிறச் சட்டை அணியும் தினம் உண்டு.

பள்ளியைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சி பிளாக் பின்னால், மோட்டார் அறையை ஒட்டி முப்பது அடிக்கு எட்டு அடி மண்தரை இருக்கிறதே, அதற்கு பேவர் பிளாக் போட்டால் நான்கு இருசக்கர வண்டி நிறுத்தலாம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் வந்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். போன மாதம் மழை விட்ட மாலையில் பேரனைத் தேடிப் போனேன். அவனும் பி பிளாக்கின் இரண்டு குழந்தைகளும் அங்கே குந்தி உட்கார்ந்து, மண்புழு ஒன்று எந்தப் பக்கம் போகும் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவருமே வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராதவர்கள்.

பேவர் பிளாக்குக்கான கொட்டேஷன் வந்துவிட்டது, இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபது பாத்தி போடலாம் என்று அளந்து பார்த்தேன். நம் வளாகத்தில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருபத்தாறு பேர், ஆகவே சிலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார் அறைக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கலாம், பிளம்பர் பார்த்துச் சொல்லிவிட்டார். நான்கு வண்டிகளுக்கு வேறு இடம் எது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. யோசனை இருப்பவர்கள் கூட்டத்துக்கு முன்பே சொன்னால் உதவியாக இருக்கும். மாலை நடைப்பயிற்சியில் என்னைப் பிடிக்கலாம்.