சித்திரங்களை ஓடவைத்தவர்

இன்று உலகெங்கும் இளையோர் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய அனிமே தொடர்களில் பல, முதலில் மங்கா எனப்படும் சித்திரக்கதைகளாக வெளிவந்தவை. சித்திரக்கதை வரவேற்பைப் பெற்றதும் அது தொலைக்காட்சித் தொடராகிறது; பின்னர்ப் பொம்மையாகவும் கணினி விளையாட்டாகவும் வடிவெடுக்கிறது. இந்தப் பாதையை அமைத்தவர்களுள் முதன்மையானவர் ஒசாமு தெசுகா.

அவர் 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஒசாகா மாநிலத்தின் தொயோனாக்கா நகரில் பிறந்தார். தக்காராசுக்கா நகரில் வளர்ந்தார். தந்தை வீட்டில் வைத்திருந்த சிறிய திரைப்படக் கருவியின்வழி, வால்ட் டிஸ்னியின் படங்களைக் கண்டு மகிழ்ந்தார். பள்ளியில் அவரது சிறிய உருவத்தையும் சுருண்ட முடியையும் மாணவர்கள் கேலி செய்தனர். எனினும், அவர் வரைந்த படங்களே அவருக்கு நண்பர்களைத் தேடித் தந்தன. பூச்சிகளின்மீது கொண்ட ஆர்வத்தால், தம் பெயருடன் பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது மாணவர்களும் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வேண்டியிருந்தது. 1945ஆம் ஆண்டு ஒசாகா நகரின்மீது குண்டுமழை பொழிந்தபோது தெசுகா உயிர் தப்பினார். அன்று கண்ட அழிவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. உயிரின் மதிப்பே பிற்காலத்தில் அவர் கதைகளின் கருவாயிற்று.

அதே ஆண்டு மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அவர், ஓய்வு நேரத்தில் சித்திரக்கதைகளை வரைந்தார். 1947இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' பெரும் வரவேற்பைப் பெற்றது. ஓடும் காரைப் பல கோணங்களில், திரைப்படம்போல் அடுத்தடுத்த கட்டங்களில் அவர் காட்டிய முறை வாசகர்களுக்குப் புதுமையாக இருந்தது. மருத்துவமா, சித்திரமா என்னும் குழப்பம் எழுந்தபோது அவர் தாயாரிடம் கருத்துக் கேட்டார். மனம் விரும்புவதையே செய்யுமாறு தாயார் கூறினார். தெசுகா மருத்துவத் தகுதியைப் பெற்ற பின்னும் தூரிகையையே தேர்ந்தெடுத்தார்.

1952இல் அவர் படைத்த 'ஆஸ்ட்ரோ பாய்' புகழின் உச்சியைத் தொட்டது. மகனை விபத்தில் இழந்த அறிவியலாளர் ஒருவர், அவனைப்போலவே ஓர் இயந்திரச் சிறுவனை உருவாக்குகிறார். அவன் வளராததால் வெறுத்து ஒதுக்குகிறார். ஒரு லட்சம் குதிரைத்திறன் கொண்ட அச்சிறுவன், தன் வலிமையை மனிதர்களையும் இயந்திரங்களையும் காப்பதற்கே பயன்படுத்துகிறான்.

தெசுகா நிறுவிய 'முஷி' என்னும் நிறுவனம் இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 1963 ஜனவரி 1ஆம் நாள் தொடர் ஒளியேறியது. வாரந்தோறும் அரை மணி நேரப் படத்தைத் தயாரிப்பது எளிதன்று. எனவே, ஒரு நொடிக்குத் தேவையான படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தனர். பேசும்போது வாயை மட்டும் அசைத்தனர். வரைந்த படங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். இச்சிக்கன முறையே பின்னாளில் அதிரடி அனிமே தொடர்களுக்கு அடித்தளமாயிற்று.

ஆனால், அவர் தொடரைத் தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். சித்திரக்கதைகளில் ஈட்டிய பணத்தையும் பொம்மை உரிமங்களின் வருவாயையும் கொண்டே இழப்பை ஈடுசெய்தார். குறைந்த ஊதியத்தில் ஓவியர்கள் உழைக்கும் நிலைக்கு இவ்விலையே வித்திட்டது என்று குறை கூறுவோரும் உளர். 1973இல் முஷி நிறுவனம் திவாலாயிற்று. அவர் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

தெசுகா துவளவில்லை. கைவிட்ட மருத்துவமே அவருக்குக் கைகொடுத்தது. அதே ஆண்டு, உரிமம் இல்லாத அறுவை மருத்துவர் ஒருவரைப் பற்றிய 'பிளாக் ஜாக்' கதையைத் தொடங்கினார். அது அவரை மீண்டும் முன்னணிக்குக் கொண்டுவந்தது.

இரைப்பைப் புற்றுநோயால் படுத்த படுக்கையான நிலையிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1989 பிப்ரவரி 9ஆம் நாள், தமது 60ஆம் வயதில் காலமானார். அவர் வரைந்து குவித்த பக்கங்கள் ஏறத்தாழ 150,000. முடிவுறாத கதைகள் சிலவும் அவற்றுள் அடங்கும்.