தத்துவ போதகரும் புலால் மறுத்தலும்

கோச்சடையில் வைகைக் கரையையடுத்த எம் இல்லத்தில், ஆண்டுதோறும் கிறிஸ்து பிறந்தநாள் விருந்திற்கென ஓர் ஆட்டுக்கிடாய் வளர்ப்பது வழக்கம். சென்ற ஆண்டு அதற்குத் தழை ஒடித்துப் போடும் பணி எம்முடையதாயிற்று. விருந்தன்று அவ்வூனை உண்ண மனமின்றி வாளாவிருந்தோம். விலங்குகளை ஆளும் உரிமையைக் கடவுளே மனிதனுக்கு அளித்திருக்க, கிறிஸ்தவனுக்கு இத்தயக்கம் ஏன் என்று பெரியோர் நகைத்தனர். அதற்கு விடை தேடியபொழுது, எமது மதுரையில் வாழ்ந்து ஊன் துறந்த தத்துவ போதகரின் சரித்திரம் நினைவிற்கு வந்தது.

ராபர்ட் டி நொபிலி என்பது அவரது இயற்பெயர். 1577-ம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியொன்றிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, 1605-ல் கோவாவில் இறங்கி, 1606-ல் மதுரையை அடைந்தார். அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் குருவானவர் இங்கே பல்லாண்டு உழைத்திருந்தும், நகரத்தார் அம்மார்க்கத்தை ஏற்றிலர். மாட்டிறைச்சி உண்டு மதுவருந்தும் பறங்கியரின் மார்க்கம் என்று அதனை அருவருத்தனர்.

நொபிலி காவியுடுத்தார், தோற்செருப்பை நீக்கிப் பாதக்குறடு அணிந்தார், ஊனும் மீனும் மதுவும் துறந்து, சோறும் கீரையும் பாலும் கொண்டு நாளைக்கு ஒருவேளையே உண்டார். தமிழும் வடமொழியும் கற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் பல இயற்றினார்.

இவரை அசிசி நகர்ப் பிரான்சிஸைப் போல் விலங்குகளின் தோழராக்கிப் புகழ்தல் பொய்யாகும். மனித ஆத்துமா வேறு, விலங்கின் உயிர் வேறு என்பதே இவர் சபையின் போதனை. மறுபிறவியை மறுத்தும் இவர் எழுதியுள்ளார். ஆட்டைக் கொன்றுண்பது பாவமென இவர் எண்ணியிரார். எம்மைக் கவர்வதும் அதுவே. உண்ணும் உரிமை தமக்கு முழுதும் உண்டென நம்பிய ஒருவர், பிறர் பொருட்டு அதனைக் கையாளாது விட்டார்.

ஆதியாகமத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்று காண்பர். ஆளும் உரிமை மனிதனுக்கு அளிக்கப்பெற்ற அன்று அவனுக்கு உணவாகக் குறிக்கப்பட்டவை விதையும் கனியுமே. ஊனுண்ண இசைவு கிடைத்தது ஜலப்பிரளயத்திற்குப் பின் நோவாவின் காலத்தில். அதுவும் இரத்தத்தை விலக்கி. ஆகவே ஆளுதலும் உண்ணுதலும் ஒன்றல்ல, இசைவு கட்டளையுமன்று. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதிருக்கவும், ஓய்வுநாளில் எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வு தரவும் மோசேயின் பிரமாணம் பணித்தது. ஆள்வோனுக்கும் எல்லையுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நொபிலியின் வாழ்வில் எம்மை வருத்தும் பகுதியும் உண்டு. உயர்சாதியாரோடு ஒன்றுதற்பொருட்டு, பெர்னாந்தஸின் பராமரிப்பிலிருந்த எளிய கிறிஸ்தவர்களினின்று அவர் ஒதுங்கி வாழ்ந்தார். உயிர்களுக்கு நலமாகக்கூடிய நோன்பு, மனிதருக்கிடையே வேலியாகவும் நின்றது. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

பெர்னாந்தஸ் அவர்மீது முறையிட்டார். 1619-ல் கோவாவில் வாதம் நிகழ்ந்தது. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார். அதில் இசைவு பெற்றவை பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு முதலியன. உண்ணாதிருக்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை போலும்!

1640-ல் அவர் மதுரையிற் சிறைப்பட்டு மீண்டார். பின்னர்க் கண்ணொளி மங்க, யாழ்ப்பாணத்திற்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். மயிலாப்பூரோ போர்த்துக்கேயர் வாழ்ந்த ஊர். அங்கே ஊனுண்டால் பழிப்பார் இலர். மதுரையார் பொருட்டுத் தொடங்கிய நோன்பை அவர் அங்கும் விட்டாரில்லை. குடிசையொன்றில் எளிய கீரையுணவு கொண்டு வாழ்ந்து, 1656-ம் ஆண்டு சனவரித் திங்களில் உயிர் நீத்தார்.